கடிகாரத்தை அழுத்த மறந்தவர்

என் அறையின் புத்தக அலமாரியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. வெள்ளிமுலாம் பூசியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பங்கு மக்களில் எவரேனும் அதைப் பற்றிக் கேட்டால், ஜெர்மனியில் ஒரு விளையாட்டுப் போட்டியில் கிடைத்தது என்று சொல்லிப் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுவது என் வழக்கம். இப்போது கோவில் சாவிகளைப் போட்டுவைக்கப் பயன்படுகிறது. அது என்னிடம் வந்த கதையை எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்ததுண்டு. கதையைக்காட்டிலும் அதன் அடியில் கிடக்கும் கேள்விதான் என்னை உறுத்திவந்திருக்கிறது. ஒரு விதியையும் மீறாமலே ஒருவன் பிறனுக்கு அநீதி இழைக்க முடியுமா? முடியுமென்றால், எந்தக் கணத்தில் அவன் அந்தக் கோட்டைத் தாண்டுகிறான்?

2009-ஆம் ஆண்டு முதல் மூன்று கோடைகளில், தென் ஜெர்மனியின் ஒரு சிற்றூரில், விடுப்பில் செல்லும் பங்குத்தந்தைக்கு மாற்றாகச் சில வாரங்கள் பணியாற்றினேன். அவ்வூரில் ஈராக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்திருந்த கல்தேயக் கிறிஸ்தவ முதியவர் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தின் மூலையில் ஒரு மரப்பலகையை விரித்துக்கொண்டு அமர்ந்துவிடுவார். அவருடைய நாட்டில் அந்த ஆட்டத்துக்குத் தவ்லி என்று பெயர். ஐரோப்பியர் பேக்கேமன் என்கின்றனர். அவருடன் ஆட அவ்வூரில் ஆள் இல்லை. எனக்கோ ஞாயிறு பிற்பகல்களில் செய்ய வேலை இல்லை. இப்படித்தான் குருமடத்தில் கற்காத ஒன்றை நாற்பது வயதுக்குமேல் கற்றுக்கொண்டேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் 24 முக்கோணக் கட்டங்கள். ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். பகடை காட்டும் எண்ணுக்கேற்பக் காய்களைச் சுற்றிக்கொண்டுவந்து தன் வீட்டில் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். முதலில் முடிப்பவர் வென்றவர். தனித்து நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுண்ட காய் தொடக்கத்திலிருந்து திரும்ப வரவேண்டும். தாயமோ சொக்கட்டானோ ஆடியிருப்பவர்களுக்கு இது விளங்க அரைமணி நேரம் போதும். நம்மிடம் இல்லாதது ஒன்று உண்டு. 2, 4, 8 என்று 64 வரை எண்கள் பொறித்த ஒரு கட்டை. 1920-களில் நியூயார்க் நகரத்தில் ஆட்டத்தோடு சேர்ந்த இரட்டிப்புக் கட்டை அது. தன் முறை வந்தவுடன், பகடையை உருட்டுவதற்குமுன், ஒருவர் பந்தயத்தை இரட்டிப்பதாக அறிவிக்கலாம். எதிராளி அதை ஏற்றுத் தொடரலாம். அல்லது அந்த ஆட்டத்தை அங்கேயே விட்டுக்கொடுத்துவிடலாம். ஆகவே உருட்டுமுன் சற்று நின்று சிந்திப்பது இந்த ஆட்டத்தில் மிக இயல்பானது. இச்சிறு நிறுத்தத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பகடை என்றவுடன் நமக்குப் பாஞ்சாலியின் நினைவு வந்துவிடுகிறது. குறளில் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரம் இருக்கிறது. ஒரு குருவானவர் பகடை உருட்டியதை எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்களின் கட்சியில் ஒரு புனிதரும் இருக்கிறார். பிரான்சு நாட்டு மன்னர் 9-ஆம் லூயி, 1250-இல் எகிப்திலிருந்து கடல்வழியே அக்கா நகருக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அவருடைய தம்பி ஆஞ்சு கோமகன் கப்பலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பலகை ஆட்டத்தில் மூழ்கியிருந்தார். நோயுற்றிருந்த மன்னர் தள்ளாடி வந்து பலகையையும் பகடைகளையும் கடலில் வீசியெறிந்தார் என்று அவருடைய தோழர் ஜுவான்வீல் எழுதிவைத்திருக்கிறார். கூட ஆடிக்கொண்டிருந்தவர் மேசைமேல் கிடந்த காசை எல்லாம் தம் மடியில் வாரிக்கொண்டு போய்விட்டார் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். சூதாட்டத்துக்காக வாதாட நான் வரவில்லை. நான் கலந்துகொண்ட பிரிவில் பணம் ஏதுமில்லை, ஒரு கிண்ணம்தான். என் தவறுக்குப் பணத்தாசை காரணமில்லை என்பது அதை இன்னும் விளங்காததாக்குகிறது.

காப்பிக்கடைகளில் இவ்வாட்டம் மின்னல் வேகத்தில் நடக்கும் என்பார் அந்த முதியவர். யாரேனும் தயங்கினால் சுற்றி நிற்பவர்கள் கேலிசெய்தே அவரை நகர்த்த வைத்துவிடுவார்களாம். அங்கே கடிகாரத்தின் வேலையை ஊர்வாய் பார்த்துக்கொள்கிறது. போட்டியரங்கில் அது நடவாது. அங்கே பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஆகவே மெதுவாக ஆடுபவரைக் கேட்பாரில்லை.

சதுரங்கம் இந்தத் தொல்லையை முதலில் சந்தித்தது. 1851-இல் லண்டனில் நடந்த முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியில் கடிகாரம் கிடையாது. எலியா வில்லியம்ஸ் என்பவர் ஒரு நகர்த்தலுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, அவரிடம் தோற்ற ஸ்டான்டன் கசந்து எழுதினார். சிந்தனையால் வென்றாரா, எதிராளியின் பொறுமையைத் தீர்த்து வென்றாரா என்னும் ஐயம் அன்றே எழுந்துவிட்டது. 1861-இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணல் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. 1883-இல், மீண்டும் லண்டனில், ஒன்று ஓடினால் மற்றது நிற்கும்படி இணைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. அன்றுமுதல் நேரம் என்பது இருவருக்கும் பொதுவான ஆற்றுநீர் என்ற நிலை மாறி, ஆளுக்கு ஒரு குடம் என்றாயிற்று. நீதி என்பது அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பது என்று குருமடத்தில் படித்தோம். அந்த வரையறையை ஒரு பொறியாகச் செய்து மேசைமேல் வைத்தால் ஆட்டக் கடிகாரம் போலத்தான் இருக்கும்.

பேக்கேமனுக்கு இப்பொறியைப் பொருத்துவதில் தனிச்சிக்கல் ஒன்று இருந்தது. சதுரங்கத்தில் 40 நகர்த்தலுக்கு இத்தனை மணி என்று வகுத்துவிடலாம். இங்கே ஓர் ஆட்டம் பத்து உருட்டலிலும் முடியும். காய்கள் மாறிமாறி வெட்டுண்டால் நூறு உருட்டலுக்கும் நீளும். நீளமும் குறுக்கமும் பகடையின் விருப்பம். மொத்த நேரத்தை மட்டும் கணக்கிட்டால், ஒருவர் சிந்தித்ததற்காக இல்லாமல், பகடை நீட்டியதற்காகத் தண்டிக்கப்படுவார். ஆகவே வேறொரு வழி கண்டார்கள். ஒவ்வொரு முறையும் முதல் 12 விநாடிகள் கணக்கில் வாரா. பகடையை உருட்டவும் காயை நகர்த்தவும் கடிகாரத்தை அழுத்தவும் ஆகும் கைவேலைக்கு அவை இனாம். அதைத் தாண்டிய சிந்தனைக்குத்தான் சேமிப்பிலிருந்து நேரம் கழியும். சேமிப்பு, ஒரு புள்ளிக்கு 2 நிமிடம் என்ற அளவில். 7 புள்ளிப் போட்டிக்கு ஆளுக்கு 14 நிமிடம். சேமிப்பு முழுதும் தீர்ந்து, 12 விநாடிக்குள்ளும் அழுத்தத் தவறினால் போட்டி போயிற்று. பல நாடுகளின் போட்டிகளில் இன்று வழங்குவது இதுவே. நான் ஆடியதும் இம்முறையில்தான். தற்செயலின் கையில் இருப்பதைத் தற்செயலுக்கே விட்டு, மனிதன் பொறுப்பேற்க வேண்டியதை மட்டும் அளக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்கு நல்ல அறவுணர்வு இருந்திருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

இன்னொரு விதியையும் சொல்லவேண்டும். கடிகாரம் இல்லாத ஆட்டத்தில், ஆடியவர் தம் பகடையைக் கையில் எடுத்தால் அவர் முறை முடிந்தது என்று பொருள். கடிகாரம் வைத்த ஆட்டத்தில், அழுத்தினால்தான் முறை முடியும். அழுத்தாதவரை, காயை நகர்த்திவிட்டாலும் அது அவருடைய முறையே. ஓடுவது அவருடைய நேரமே.

2011-ஆம் ஆண்டு, மூன்றாம் கோடை. பக்கத்து நகரில் சனி, ஞாயிறு இரண்டு நாள் போட்டி. தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கென்று தனிப்பிரிவு. முதியவர் என் பெயரைத் தாமே பதிவுசெய்துவிட்டு வந்து சொன்னார். ஞாயிறு மாலை இறுதிச்சுற்று வரை நான் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது, பகடைக்குத் தெரியும். எதிரே அமர்ந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் போன்ற தோற்றமுடையவர். என்னைவிட நன்றாக ஆடினார். அவரும் கடிகாரத்துக்குப் புதியவர், காப்பிக்கடை ஆட்டக்காரர். இரண்டு முறை அழுத்த மறந்து, உடனே நினைவு வந்து, தலையைத் தட்டிக்கொண்டு அழுத்தினார்.

ஐந்துக்கு ஐந்து என்று புள்ளிகள் சமமாக இருந்தபோது அது நடந்தது. அவர் காயை நகர்த்திவிட்டுச் சாய்ந்து அமர்ந்தார். கடிகாரத்தை அழுத்தவில்லை. நான் பார்த்தேன். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் பக்கத்தில். அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். பிறகு இரட்டிப்புக் கட்டையின் பக்கம் கண்ணைத் திருப்பினேன். முகவாயில் கையை வைத்துக்கொண்டேன். இரட்டிப்பதா வேண்டாமா என்று நான் ஆழ்ந்து சிந்திப்பதாக அவர் எடுத்துக்கொண்டார், இயல்புதானே. சிந்திப்பவரைக் கலைக்கலாகாது என்ற நாகரிகத்தால் அசையாமல் அமர்ந்திருந்தார். அந்த மரியாதையே அவருக்கு எதிராக ஓடிற்று. ஒன்றரை நிமிடமாவது கழிந்திருக்கும். அப்போதுதான் அவர் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி அழுத்தினார். நான் உடனே உருட்டினேன்.

எனக்குப் பின்னால், மற்றப் பார்வையாளர்களோடு, ஈராக்கிய முதியவர் நின்றிருந்தார். விதிப்படி அவர் வாய் திறக்கக்கூடாது. திறக்கவில்லை.

பிறகு நடந்தது விரைவில் முடியும் கதை. கடைசி ஆட்டத்தில் அவர் என்னைவிட வெகுதூரம் முந்தியிருந்தார். என் காய் ஒன்று வெட்டுண்டு வெளியே நின்றது. அவரோ தம் காய்களை வெளியேற்றத் தொடங்கிவிட்டார். ஆனால் அவருடைய சேமிப்பில் சில விநாடிகளே எஞ்சியிருந்தன. அவசரத்தில், பாதுகாப்பாக ஆடியிருக்கக்கூடிய ஓர் எண்ணை வேறுவிதமாக ஆடி, ஒரு காயைத் தனியே விட்டுவிட்டார். மற்றக் கட்டங்கள் எல்லாம் அடைபட்டிருந்தன. அந்த ஒரே கட்டத்தில் நான் நுழைந்தால் அவர் காய் வெட்டுப்படும். 36-இல் 11 வாய்ப்பு. எனக்கு அது விழுந்தது.

அன்றிரவு நான் எனக்காக வாதாடினேன். வாதங்கள் வலுவானவை, இன்றும் அவற்றை மறுக்கச் சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. முதலாவது, அவர் கடிகாரத்தைக் கவனிப்பது அவர் பொறுப்பு. நினைவூட்ட எனக்கு விதிப்படி கடமை இல்லை. இரண்டாவது, அவர் முறை முடியாமல் நான் உருட்டுவதுதான் விதிமீறல். ஆகவே காத்திருந்ததே என் கடமை. மூன்றாவது, ஆட்டம் என்றாலே எதிராளியின் பிழையால் வாழ்வதுதான். அவர் ஒரு காயைத் தவறாக வைத்தால் நான் எச்சரித்தா ஆடுகிறேன்?

இம்மூன்றும் புதியவை அல்ல. கி.மு. 44-இல் சிசேரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வணிகன் வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். இவன் அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறான். அதைத் தீவினருக்குச் சொல்லவேண்டுமா, சொல்லாமல் உச்ச விலைக்கு விற்கலாமா? ஸ்தோயிக்க ஞானியருள் இருவர் எதிரெதிர் விடை தந்தனர். டயோஜெனிஸ் என்பவர், சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்றார். அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர், மானுடச் சமூகத்தில் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கையில் மறைப்பதற்கு உரிமை ஏது என்றார். சிசேரோ மாணவரின் பக்கம் சாய்ந்தார். எல்லா மௌனமும் மறைப்பு அன்று. ஆனால், நான் அறிந்ததைப் பிறர் அறிந்தால் அவருக்கு நலம் என்று தெரிந்தும், என் ஆதாயத்துக்காக அவர் அறியாதிருக்க வேண்டும் என விரும்பினால் அது மறைப்பு என்று அவர் பகுத்தார்.

பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து, புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஏறத்தாழ இதே வணிகனை மீண்டும் அழைத்துவந்து, அவனுக்குச் சற்று இளகிய தீர்ப்பு அளிக்கிறார். சொல்லாமல் விற்றவன் நீதியை மீறினான் என்று தோன்றவில்லை. சொல்லியிருந்தால், அல்லது விலையைக் குறைத்திருந்தால், அது மேலான நற்பண்பு. ஆனால் நீதி அதைக் கடனாகக் கேட்கவில்லை என்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எங்கள் வகுப்பில் நீண்ட விவாதம் நடந்தது. நான் வணிகனுக்காக வாதாடிய அணியில் இருந்தேன். அன்றிரவு ஜெர்மானியப் பங்கு இல்லத்தில் அந்தப் பகுதியைத்தான் எனக்குச் சாதகமாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். நான் நீதியை மீறவில்லை. மேலான ஒரு பண்பைக் காட்டத் தவறினேன், அவ்வளவே. தூங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

தூக்கம் வராமற்போனதற்குக் காரணம் அதே தொகுப்பில் வேறோர் இடம். பாசாங்கு பற்றிய வினாவில் அவர் எழுதுகிறார்: உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய் அன்று; ஆனால் உள்ளத்தில் இல்லாததைச் செயலால், முகத்தால், புறக்குறிகளால் உணர்த்துவது பொய்யே. வாயால் சொன்னாலென்ன, வேறு குறியால் சொன்னாலென்ன, வேறுபாடில்லை. தானிய வணிகன் வாய்மூடி நின்றான். அவன் வானத்தைப் பார்த்துக் கவலையோடு தலையை ஆட்டி, 'வேறு கப்பல் ஏதும் வராது போலிருக்கிறதே' என்று தோன்றும்படி நிற்கவில்லை. நான் நின்றேன். என் முகவாயில் இருந்த கை ஒரு வாக்கியம். கட்டையின் பக்கம் திரும்பிய கண் இன்னொரு வாக்கியம். 'உம்முடைய முறை முடிந்துவிட்டது, இப்போது என்முறை, நான் சிந்திக்கிறேன்' என்று அவை கூறின. அதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. காத்திருக்கும்படி விதி என்னைப் பணித்தது மெய்தான். சிந்திப்பதுபோல் நடிக்கும்படி எந்த விதியும் பணிக்கவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. விளையாட்டில் பாவனையும் ஓர் உத்திதானே? கால்பந்தில் இடப்புறம் போவதுபோல் காட்டி வலப்புறம் பாய்வதில்லையா? கபடியில் பாடிவருபவர் செய்வதெல்லாம் என்ன? உண்மைதான். ஆனால் அந்தப் பாவனைகள் ஆடுகளத்துக்குள் நிகழ்பவை. இருவரும் முன்னரே ஒப்புக்கொண்டவை. எதிராளி ஏமாற்றுவான் என்று எதிர்பார்த்தே நான் களத்தில் இறங்குகிறேன். கடிகாரமோ களத்தின் பகுதி அன்று. அது நடுவரைப் போன்றது, எல்லைக்கோட்டைப் போன்றது. பேக்கேமன் பலகையில் மறைவானது என்று எதுவுமே இல்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன. அவர் காயைத் தவறாக வைத்ததை நான் சொல்லாமல் விட்டால், அவருடைய அறிவை மதிக்கிறேன் என்றாவது பொருள்படும். அவருடைய நாகரிகத்தை அவருக்கெதிரான கருவியாக்கியதற்கு அப்படி ஒரு பொருளும் சொல்ல இயலாது.

இழைத்த கேட்டுக்கு ஈடுசெய்தல் என்னும் கடமையும் உண்டு. அதில்தான் நான் முற்றிலும் வழிதவறினேன். எவ்வளவு கேடு செய்தேன்? ஒன்றரை நிமிடமா? ஒரு போட்டியா? அவர் அவசரப்பட்டது என்னால். ஆனால் அவசரத்திலும் அவர் சரியாக ஆடியிருக்கலாம். அவர் பிழை செய்தபின்னும் 36-இல் 25 பங்கு அவருக்குச் சாதகமாக இருந்தது. பகடை எனக்கு விழாமற்போயிருந்தால் என் பாவனை எவருக்கும் கேடு செய்திருக்காது. நானும் இதை மறந்துபோயிருப்பேன். அப்படியானால் என் குற்றத்தின் எடையை ஒரு பகடையா தீர்மானித்தது? விளைவைத் தற்செயல் தீர்மானிக்கலாம், செயலைத் தீர்மானிக்க முடியாது என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுவோம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தால் அத்தனை எளிதாக இல்லை.

இத்துறையில் விதிகள் எத்திசையில் வளர்ந்தன என்பதைக் கவனித்திருக்கிறேன். முன்பு, எதிராளி விதிக்குப் புறம்பாகக் காயை நகர்த்திவிட்டால், அதைத் திருத்தும்படி கோரலாம். அல்லது தனக்கு அது ஆதாயமானால் கண்டுகொள்ளாமல் அப்படியே விட்டுவிடலாம். தேர்வு கண்டவருடையது. பகடை ஐந்து காட்ட ஆறு கட்டம் தள்ளிவைத்து, அதனால் தனக்கே கேடு தேடிக்கொண்ட எதிராளியைப் பார்த்து வாளாவிருப்பதற்கு விதியே இடங்கொடுத்தது. அண்மை ஆண்டுகளில் பல போட்டிகள் இதை மாற்றிவிட்டன. விதிமீறிய நகர்த்தலைக் கண்டவர், அது தனக்கு ஆதாயமாயினும், சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். அக்குவினாஸ் மேலான பண்பு என்று விட்டுவைத்ததை இவர்கள் கடமையாக்கிவிட்டனர். ஒருவகையில் இது இழப்பே என்று சில பழைய ஆட்டக்காரர்கள் கருதுகின்றனர். விருப்பத்தோடு செய்தபோது அது பெருந்தன்மை. கட்டாயத்தால் செய்யும்போது வெறும் கீழ்ப்படிதல். நானும் சிலகாலம் அப்படித்தான் எண்ணினேன். இப்போது எண்ணுவதில்லை. பெருந்தன்மையை நம்பி எதிராளியை விட்டுவைப்பது, பெருந்தன்மை உடையவர்க்கு அழகாக இருக்கும். எதிரே அமர்ந்திருப்பவருக்கு அதனால் என்ன பாதுகாப்பு? ஆயினும் கடிகாரத்தை அழுத்த மறந்தவருக்கு நினைவூட்ட வேண்டும் என்று விதி வகுத்தாலும், என்னைப் போன்றவன் முகவாயில் கைவைத்து, நான் கவனிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். கண்டவன் கண்டான் என்பதை எந்த நடுவரால் மெய்ப்பிக்க முடியும்?

வென்றவன் வாயைத் திறந்த நிகழ்ச்சி ஒன்றும் இவ்வாட்டத்தின் வரலாற்றில் உண்டு. 1979 ஜூலையில் மான்டே கார்லோவில், அப்போதுதான் உலகப் பட்டம் வென்றிருந்த இத்தாலியர் லூய்ஜி வில்லாவை ஒரு கணினி நிரல் 7-1 என்று தோற்கடித்தது. ஒரு பலகை ஆட்டத்தில் உலக வாகையரைப் பொறி வென்றது அதுவே முதல்முறை. நிரலை எழுதியவர் ஹான்ஸ் பெர்லினர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் முன்னாள் உலக வாகையர். பிறகு அவர் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆராய்ந்து, வில்லாவே நன்றாக ஆடினார், தம் நிரலுக்குப் பகடை துணைநின்றது என்று அச்சில் எழுதினார். அவரை எந்த விதியும் அப்படி எழுதும்படி கேட்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தவர் தம் வெற்றியின் கணக்கைத் தாமே திறந்து காட்டினார்.

நான் திறந்து காட்டியது அரைகுறையாகத்தான். மறுவாரம் போட்டியை நடத்தியவர்களிடம் முகவரி கேட்டு வாங்கி, அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வரியில் அன்பான விடை வந்தது. கடிகாரம் தம் பொறுப்பு என்றும், நான் வீணாக வருந்துவதாகவும், மீண்டும் ஆடுவோம் என்றும் எழுதியிருந்தார். அது எனக்கு ஆறுதல் தரவில்லை. ஏனெனில், நினைவூட்டாமல் விட்டுவிட்டேன் என்று மட்டுமே நான் எழுதியிருந்தேன். சிந்திப்பதுபோல் நடித்தேன் என்பதை எழுதவில்லை. எழுத முயன்று இரண்டு தாள்களைக் கிழித்தேன்.

முதியவர் அன்று கிண்ணத்தோடு நான் காரில் ஏறியபோது எதுவும் பேசவில்லை. பாதித் தொலைவு வந்தபின், சாலையைப் பார்த்தபடியே கேட்டார். அரபுக் கிறிஸ்தவர்கள் குருவை 'அபூனா' என்று அழைப்பார்கள். எங்கள் தந்தையே என்று பொருள்.

“அபூனா, அவர் அழுத்த மறந்திருந்தபோது நீங்கள் எதைப் பற்றி அவ்வளவு நேரம் யோசித்தீர்கள்?”

“இரட்டிப்புக் கட்டையைப் பற்றி” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வீடு சேரும்வரை வேறு பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வழக்கம்போல் மன்றத்தின் மூலையில் பலகையை விரித்து எனக்காகக் காத்திருந்தார். கடிகாரம் இல்லை, எங்கள் ஆட்டத்தில் அது ஒருபோதும் இருந்ததில்லை. முதல் காயை நகர்த்தினார். பிறகு அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மேசையின் விளிம்பில் விரலால் ஒருமுறை தட்டி, “முடிந்தது, அபூனா” என்றார். அன்று பிற்பகல் முழுவதும், ஒவ்வொரு முறையும் அப்படியே தட்டிச் சொன்னார். நான் ஊர் திரும்பும்வரை இருந்த மூன்று ஞாயிறுகளிலும் அதை விடவில்லை.